ஆயாவின் வாத்தும் பதினோரு ஈயக்குண்டும்

(இரண்டாம் ஆண்டு மின்னியல் துறை மாணவி)

பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டதும் எங்கள் வகுப்பில் எல்லோரும் பெரிய பெரிய தலைப்புகளாகப் பிடித்துக்கொண்டார்கள். 'செயற்கை நுண்ணறிவு' ஒருவருக்கு, 'சூரிய மின்சாரம்' இன்னொருவருக்கு, 'காதல்' மட்டும் மூன்று பேருக்கு! எனக்கு மிச்சம் கிடைத்தது ஒரு வாத்து. சிரிக்க வேண்டாம். முழுதும் படித்த பிறகும் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

என் ஊர் நொச்சிக்குப்பம். மெரினாவில் கலங்கரை விளக்கத்தைத் தாண்டிப் பட்டினப்பாக்கம் பக்கம் போகும் லூப் ரோட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரமும் சங்கராவும் வாங்க வந்திருந்தால் உங்களுக்கே தெரியும். ரோட்டோரக் கடைகளுக்குப் பதிலாக 2024-இல் புது மீன் அங்காடி திறந்தார்களே, அதே இடம்தான். அப்பாவுக்கு ஒரு ஃபைபர் போட்டில் பங்கு. அம்மா மீன் விற்கிறார். அப்பாவைப் பெற்ற ஆயாவும் எங்களோடுதான். ஏழு வயதில் ஒரு தம்பி. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். 'டிப்ளமோ' என்ற வார்த்தை ஆயாவுக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. யார் கேட்டாலும் "எம் பேத்தி கரெண்டுக்குப் படிக்குது" என்றுதான் சொல்லும்.

அந்த ஆயா வளர்ப்பதுதான் ராணி. வாத்து என்றதும் குளத்தில் நீந்தும் குட்டை வாத்தை நினைக்காதீர்கள். இது கூஸ் வாத்து. வெள்ளை உடம்பு, நீண்ட கழுத்து, அலகுக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு முடிச்சு. திருவள்ளூர் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் குஞ்சாகக் கொண்டுவந்து கொடுத்தது. மணலில் எங்களுக்கு வலை வைக்கிற ஒரு கொட்டாய் உண்டு. ராணிக்கு வேலையே அதற்குக் காவல் இருப்பதுதான். ராத்திரியில் தெரியாத ஆள் யாராவது அந்தப் பக்கம் வந்தால் போதும், குப்பமே எழுந்து உட்காருகிற மாதிரி கத்தும். நாயாவது பிஸ்கட் போட்டால் வாலை ஆட்டும். ராணியிடம் அந்தக் கதையே நடக்காது.

இது ஆயாவின் கண்டுபிடிப்பு இல்லை. கி.மு. 390 வாக்கில் ரோம் நகரத்தைக் கால் இனத்தார் முற்றுகையிட்டபோது, இருட்டில் குன்றின் மேல் ஏறி வந்த எதிரிகளை நாய்கள் கவனிக்கவில்லையாம். ஜூனோ தேவியின் கோயில் வாத்துகள்தான் கத்திக் காவலர்களை எழுப்பின என்று ரோமானியர்கள் சொல்லி வந்தார்கள். வாத்துக் குஞ்சு பொரிந்ததும் முதலில் பார்க்கிற ஆளையே தாயாக நினைத்துப் பின்னால் போகும் என்பதை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் என்பவருக்கு 1973-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த ஆராய்ச்சியெல்லாம் ஆயாவுக்குத் தெரியாது. ஆனால் ஆயா அங்காடிக்குப் போனால் ராணியும் பின்னாலேயே போகும். ஆயா திரும்பி நின்று "போடி வூட்டுக்கு" என்றால் இரண்டு அடி பின்வாங்கி, மறுபடி நடக்கும்.

ராணி பருவத்துக்கு முப்பது நாற்பது முட்டை இடும். ஒவ்வொன்றும் கோழி முட்டை இரண்டுக்குச் சமம். அதை விற்ற காசு ஆயாவின் சுருக்குப்பைக்குப் போகும். நண்பர்களே, என் முதல் செமஸ்டர் பரீட்சைக் கட்டணம் அந்தச் சுருக்குப்பையிலிருந்து வந்தது. அதனால்தான் ராணி எனக்கு வெறும் வாத்து இல்லை.

கார்த்திகை மாதம் நல்ல மழை. கடலுக்குப் போக முடியாத நாட்களில் எங்கள் ஆம்பளைகள் கொட்டாயில் உட்கார்ந்து வலை பார்ப்பார்கள். கிழிசலைத் தைப்பது, மிதவை மாற்றுவது, ஈயம் கட்டுவது. அந்த வாரத்தில்தான் ஒரு நாள் ஆயா சொன்னது: "ராணிக்குக் கொரலு சரியில்ல கண்ணு. கேட்டியா? பொண்டு புள்ள அழுவுற மாரி கீது."

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. இரண்டு நாளில் எல்லோருக்கும் தெரிந்தது. மயிலாப்பூர் மார்க்கெட்டிலிருந்து ஆயா பொறுக்கிவரும் கோஸ் இலையையும் கீரைத் தண்டையும் ராணி தொடவில்லை. இறக்கை இரண்டும் கூடாரம் சாய்ந்த மாதிரி தொங்கின. எச்சம் கரும்பச்சையாகப் போனது. நாலாம் நாள் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது. அந்தக் கழுத்து, குப்பத்தையே அதட்டிய கழுத்து, மணலில் கிடந்தது.

ஆயா தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தது. பூண்டும் மஞ்சளும் அரைத்து உருட்டிப் போட்டது. மிளகாய் சுற்றிப் போட்டது. அம்மன் கோயில் திருநீறு பூசியது. பக்கத்து வீட்டு மாமா வந்து பார்த்து, "செத்துப் போறதுக்குள்ள அறுத்துக் கொழம்பு வெச்சிடு ஆயா, கறியாவது மிஞ்சும்" என்றார். ஆயா ஒன்றும் பேசவில்லை. சுருக்குப்பையை அவிழ்த்து என் கையில் வைத்தது. எண்ணூற்று நாற்பது ரூபாய். "நீதான் படிச்ச புள்ள. எங்க இட்டுனு போவணும்னு உனுக்குத்தான் தெரியும்."

எனக்கு அப்போது தெரிந்தது கிர்ச்சாஃப் விதியும் டிரான்ஸ்ஃபார்மரும்தான். அடுத்த வாரம் பரீட்சை வேறு. ஆனால் 'படிச்ச புள்ள' என்று ஒருவர் நம்பிவிட்டால் அதற்கு மேல் பேச முடியுமா?

வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது என்பது தெரியும். 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பிறகு வேப்பேரிக்கு வந்த கல்லூரி. இன்று அது, 1989-இல் ஏற்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்கே பெரிய மருத்துவமனை உண்டு. மாமாவின் மீன்பாடி வண்டியில், மீன் கூடையில் சாக்கைப் போட்டு ராணியைப் படுக்க வைத்தோம். குழம்பு வைக்கச் சொன்ன அதே மாமாதான் வண்டி ஓட்டினார், காசு வாங்கவில்லை. ராயப்பேட்டை, மவுண்ட் ரோடு, எழும்பூர் வழியாகப் போகும்போது சிக்னலில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

மருத்துவமனையில் நாய்கள், பூனைகள், ஒரு ஆடு, கூண்டில் கிளிகள். எங்கள் முறை வந்ததும் டாக்டரம்மா ராணியைத் தொடுவதற்கு முன்னால் கேள்வி கேட்டார். என்ன தின்னும்? எங்கே மேயும்? தண்ணீர் எங்கே குடிக்கும்? நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். "ஆயா முதல்ல குரல் மாறிடுச்சுன்னு சொன்னாங்க" என்றதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது இருக்கிற இடத்துல வலை வேலை நடக்குதா? ஈயம் கட்டுவீங்களா?"

எக்ஸ்ரே எடுத்தார்கள். வயிற்றுப் பக்கத்தில் பதினோரு வெள்ளைப் புள்ளிகள். சுற்றியிருந்த மணலும் கல்லும் மங்கலாக இருக்க, அந்தப் பதினொன்று மட்டும் பல்பு போலப் பளிச்சென்று தெரிந்தன.

விஷயம் இதுதான் நண்பர்களே. வாத்துக்குப் பல் கிடையாது. தின்றதை அரைக்க உள்ளே தசையாலான ஓர் அரைவைப் பை இருக்கிறது. அந்த ஆட்டுக்கல்லுக்குக் குழவி வேண்டாமா? அதற்காக வாத்து சின்னச் சின்னக் கற்களைத் தேடி விழுங்கும். எங்கள் கடற்கரையில் இருப்பது மணல். கூழாங்கல்லுக்கு எங்கே போவது? கொட்டாயில் கீழே விழுந்த ஈயக்குண்டுகளும், ஈயம் உருக்கும்போது சிதறிய பட்டாணி அளவுத் துளிகளும்தான் ராணிக்குக் கற்களாகத் தெரிந்திருக்கின்றன. உள்ளே போனதும் கல்லும் ஈயமும் சேர்ந்து அரைபட்டன. வயிற்று அமிலம் அந்த ஈயத்தைக் கரைத்து இரத்தத்தில் சேர்த்தது. இறக்கை தொங்கியது, நரம்பு தளர்ந்தது, குரல் மாறியது எல்லாம் அதனால்தான். இங்கிலாந்தில் மீன்பிடிக்கிறவர்கள் தூண்டிலில் கட்டிய சின்ன ஈயக்குண்டுகளை விழுங்கி ஆற்றிலிருந்த அன்னங்கள் ஏராளமாகச் செத்தன. அதனால் 1987-இல் அங்கே அந்தக் குண்டுகளுக்குத் தடை போட்டார்கள்.

குழாய் விட்டுத் தண்ணீரால் அரைவைப் பையைக் கழுவினார்கள். ஒன்பது வெளியே வந்தன. மீதி இரண்டும் பிறகு எச்சத்தில் வந்தன. இரத்தத்தில் கலந்துவிட்ட ஈயத்துக்கு ஊசி. கால்சியம் ஈ.டி.டி.ஏ. என்று பெயர். இந்த வகை மருந்துக்குக் 'கீலேட்' என்று சொல்வார்கள். கிரேக்க மொழியில் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். மருந்து நண்டு மாதிரி ஈயத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டு சிறுநீரகம் வழியாக வெளியே இழுத்துப் போகும். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ஆயாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்போ ஊசிக்குள்ள நண்டு கீது" என்று எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தது. எனக்குப் பாடம் எடுத்தவர்கள் கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை!

ஐந்து நாள் ஊசி, நடுவில் சில நாள் இடைவெளி, மறுபடி ஐந்து நாள். பாதி நாள் மாமா வண்டி, பாதி நாள் ஷேர் ஆட்டோ. மற்ற பராமரிப்பெல்லாம் எங்கள் கையில். டாக்டரம்மா சொன்னபடி செய்தோம். படுக்க வைக்கோல், ஈரம் இல்லாத இடம். கழுத்து துவண்டிருக்கிற வரை ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் வைக்கக் கூடாது, தலை கவிழ்ந்தால் மூழ்கிவிடும். தட்டில் தண்ணீர் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைக்க வேண்டும், ஏனென்றால் ஈயம் வெளியே போகத் தண்ணீர் வேண்டும். குழைந்த சோற்றில் கீரையைப் பொடியாக அரிந்து, முட்டை ஓட்டைத் தூளாக்கிக் கலந்து உருட்டி ஊட்ட வேண்டும். உடம்பில் கால்சியம் நன்றாக இருந்தால் ஈயம் உள்ளே ஏறுவது குறையும். ஒரே பக்கமாகப் படுத்தால் நெஞ்சில் புண் வரும், அதனால் ராத்திரியில் இரண்டு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு ஆயா, மூன்று மணிக்கு நான். மூன்று மணிக்கு எழுந்தபின் எங்கே தூக்கம் வரும்? பேட்டரி விளக்கு வெளிச்சத்தில் டி.சி. மெஷின் படிப்பேன். ராணி அரைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆனால் நான் இந்தக் கட்டுரையை எழுதுவது ராணி பிழைத்ததைச் சொல்வதற்கு மட்டும் இல்லை. முதல் நாள் டாக்டரம்மா மருந்துச் சீட்டு எழுதி முடித்துவிட்டுக் கேட்ட ஒரு கேள்விக்காக.

"வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"

எங்கள் வீட்டில் ஈயம் எப்படி வரும் என்று சொல்கிறேன். காயலாங்கடையில் பழைய ஈயத்தை எடை போட்டு வாங்குவார் அப்பா. இரும்புக் கரண்டியில் போட்டு அடுப்பில் வைத்தால் 327 டிகிரியில் உருகிவிடும். மற்ற உலோகங்களோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைவு, வீட்டு அடுப்பே போதும். அச்சில் ஊற்றிக் குண்டாக்கி, வலைக் கயிற்றில் வைத்து மூட வேண்டும். எப்படி மூடுவது? பல்லால் கடித்துத்தான். ஈயம் மெத்தென்று இருக்கும், கடித்தால் மூடிக்கொள்ளும். தாத்தா அப்படித்தான் செய்தார், அப்பாவும் அப்படித்தான். போன வருடத்திலிருந்து தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து கடித்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தான். ஒரு வலைக்கு அப்பா ஐந்து ரூபாய் கொடுப்பார்.

நம் லேப்பில் ஈய அமில பேட்டரியும் சால்டரிங்கும் சொல்லித் தரும்போது "கை கழுவிட்டுச் சாப்பிடுங்க" என்று சார் சொல்வாரே, அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது. உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அங்கே வருஷக்கணக்கில் தங்கும். பெரியவர்களை விடக் குழந்தைகள் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சும். வளர்கிற மூளையைத்தான் முதலில் பாதிக்கும். காய்ச்சல், வாந்தி என்று வெளியே ஒன்றும் தெரியாது. பையன் மந்தம், படிப்பு ஏறவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் காரணத்துக்காகத்தான் 2000-இல் நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தினார்கள். 2021-இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதும் உலகத்தில் எந்த நாட்டு பங்கிலும் காருக்கு அந்தப் பெட்ரோல் இல்லை என்றானது.

அப்பாவிடம் சொன்னேன். கோபம் வந்துவிட்டது. "எங்கப்பன் அறுவது வருசம் கடிச்சாரு, இன்னா ஆச்சு? நாலு எழுத்து படிச்சுட்டா எல்லாம் வெசமாயிடுமா?" நான் எதிர்த்துப் பேசவில்லை. அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. ஈயம் விளையாட்டுக்கு இல்லை, வலை அடியில் போய் நிற்க வேண்டும். ஈயத்தின் அடர்த்தி 11.34, இரும்புக்கு 7.87. அதே எடைக்கு இரும்பு பெரிதாக இருக்கும், உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து வலையைத் தின்னும். "அப்போ எதைக் கட்டறது, நீ சொல்லு" என்றார். என்னிடம் பதில் இல்லை. எக்ஸ்ரே படத்தை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். அப்பா பதினொன்றையும் விரலால் எண்ணினார். பிறகு தம்பியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து கடல் பக்கம் போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை அப்பாவே தம்பியை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். முடிவு வந்தது: டெசிலிட்டருக்கு 6 மைக்ரோகிராம். ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். "மருந்து வேண்டாம், ஈயத்தை நிறுத்துங்க, பாலும் கீரையும் முட்டையும் கொடுங்க" என்றார் டாக்டர். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அதை எங்களுக்கு முன்னாலேயே ஒரு வாத்து கண்டுபிடித்துவிட்டது.

இப்போது எங்கள் வீட்டு அடுப்பில் ஈயம் உருகுவதில்லை. அப்பா தயார்க் குண்டாகவே வாங்குகிறார், கொஞ்சம் செலவு அதிகம்தான். மூடுவது கட்டிங் பிளேயரால். என் டூல்ஸ் பாக்ஸில் இருந்த பிளேயர் இப்போது கொட்டாயில் இருக்கிறது. கீழே தார்ப்பாய் விரித்துக்கொண்டுதான் வேலை. விழுந்ததைப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவித்தான் டீ. தம்பிக்கு ஐந்து ரூபாய் வருமானம் போய்விட்டது. அதற்குப் பதிலாக மிதவை கோர்த்துக் கொடுத்து இரண்டு ரூபாய் வாங்குகிறான், மூன்று கேட்டுத் தகராறு செய்துகொண்டிருக்கிறான். ஆறு மாதம் கழித்து அவனுக்கு மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும்.

குப்பத்தில் எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று எழுதினால் அது கதை. சிலர் இன்னும் பல்லால்தான் கடிக்கிறார்கள். "வாத்து வைத்தியரு வருது" என்று என்னைக் கிண்டல் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் நாலு வீட்டில் பிள்ளைகளை ஈயம் தொட விடுவதில்லை. மாமா தன் வீட்டுக்கு ஒரு பிளேயர் வாங்கிவிட்டார். எக்ஸ்ரே படம் கைமாறிக் கைமாறி ஓரம் மடங்கிப் போயிருக்கிறது. யார் வீட்டில் இருக்கிறது என்று இன்றைக்குக் கேட்டால்தான் தெரியும்.

ராணி எழுந்து நிற்கப் பதினெட்டு நாள் ஆயிற்று. கோஸ் இலையைத் தானாகக் கொத்த இன்னும் நாலு நாள். ஒரு இறக்கை இன்னும் லேசாகத் தொங்குகிறது, நடக்கும்போது இடதுபக்கம் சாய்ந்துதான் நடக்கும். இந்தப் பருவத்தில் முட்டை இடவில்லை. இட்டாலும் இப்போதைக்குச் சாப்பிடக்கூடாது, விற்கவும் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஆயாவின் சுருக்குப்பை காலி. இந்த செமஸ்டர் கட்டணத்தை அம்மா மீன் காசில் கட்டினார். ஆயா அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. "அது எனுக்கு இருக்குது பாரு, அது போதும்" என்கிறது.

நண்பர்களே! நம்மில் பலர் என்னைப் போல வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நாம் படிப்பது வேலைக்காக மட்டும் என்று வீட்டில் நினைக்கிறார்கள், நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். அதில் தப்பில்லை. ஆனால் லேப்பில் கேட்கிற ஒரு வரி வேலை கிடைப்பதற்கு முன்னாலேயே வீட்டுக்குத் தேவைப்படலாம். சால்டரிங் முடித்ததும் கையைக் கழுவுங்கள், பழைய பேட்டரியை வீட்டில் உடைக்க விடாதீர்கள். உங்கள் வீட்டுத் தொழில் வலையோ, தறியோ, பட்டறையோ, எதுவாக இருந்தாலும் அதில் என்ன பொருள் கையில் படுகிறது, எது மூச்சில் போகிறது என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். பெரியவர்கள் கோபப்படுவார்கள். படட்டும். அவர்களிடம் சண்டை போடாதீர்கள், காட்டுங்கள். கண்ணால் பார்த்ததை அவர்கள் மறுக்க மாட்டார்கள்.

அதோடு ஒன்று. குரல் மாறியதை முதலில் கண்டுபிடித்தது எக்ஸ்ரே இல்லை, பள்ளிக்கூடமே போகாத எங்கள் ஆயா. படித்த நாம் அந்தக் காதையும் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளலாம்.